சில்லின் முதுகைப் பாருங்கள்: குறைந்த காசில் நல்ல அலோய் வீல்

அலோய் வீல், அதாவது அலுமினியக் கலப்பில் செய்த சில்லு, வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் முகத்தைத்தான். எத்தனை ஸ்போக், கறுப்பா வெள்ளியா, நம் காருக்கு எடுப்பாக இருக்குமா என்று பார்க்கிறார்கள். மனம் அதில் விழுந்த பிறகுதான் விலை பேசுகிறார்கள். ஆனால் அந்தச் சில்லு காருக்குப் பொருந்துமா, எவ்வளவு பாரம் தாங்கும், யார் வார்த்தது, எந்தச் சோதனையைத் தாண்டியது என்கிற விவரமெல்லாம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது. வெடிப்பு இருந்தால் அதுவும் பெரும்பாலும் பின்பக்க விளிம்பில்தான் இருக்கும். கையில் காசு குறைவாக உள்ளவர் சில்லைக் கவிழ்த்துப் பார்க்கப் பழகிக்கொண்டால், கடைக்காரர் சொல்லும் பெயரையும் பெயின்ட் மினுக்கத்தையும் நம்பி ஏமாற வேண்டியதில்லை.

திருகோணமலையில் இப்போது இதைப் பற்றிக் கதைக்கக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுகிற விலையாக இல்லை. அதனால் ஏற்கெனவே ஊரில் இருக்கிற விட்ஸ், அக்வா, வேகன் ஆர், அக்ஸியோ, ஃபிட் எல்லாம் பத்து வருடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் சில்லுகள் வளைந்தும் துருப்பிடித்தும் போய்விட்டன. அழகுக்காக மாற்றுகிறவர்களோடு, வேறு வழியில்லாமல் மாற்றுகிறவர்களும் நிறையப் பேர். இரண்டு பேருக்கும் தேவை ஒன்றே: கொடுக்கிற காசுக்கு ஐந்தாறு வருடம் நிம்மதியாக ஓடுகிற நான்கு சில்லு.

நம் ஊர் சில்லுக்கு வைக்கிற சோதனையும் தனி. கொழும்புக்குப் போகும் ஏ6 வீதி கந்தளாய், ஹபரணைப் பக்கமெல்லாம் கார்ப்பெட் போட்டு நேராகக் கிடக்கிறது. அங்கே கார் தன்பாட்டில் வேகமெடுக்கும். இரவில் மாடு படுத்திருக்கும், ஹபரணை தாண்டினால் யானை நிற்கும், முழுப் பலத்தோடு பிரேக் அடிக்க வேண்டி வரும். அதே கார் ஊருக்குள் வந்ததும் உள்வீதிக் குழி, மதகு விளிம்பு, ரயில் கடவை. ஒக்டோபருக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் குழியில் தண்ணீர் நிரம்பி ஆழம் தெரியாது. அப்புறம் கடல். உப்புவெளி, நிலாவெளி, டச்சு பே பக்கம் வீடு இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உப்புக் காற்று கதவுப் பிணைச்சலையே தின்னும்போது சில்லை விட்டுவைக்குமா? ஆகவே வேறு ஊருக்காரர் வேறு வீதிக்காகச் சொன்ன ஆலோசனையை அப்படியே எடுக்க முடியாது.

சந்தையில் கிடைப்பவற்றைப் பார்ப்போம். புதிதாக இறக்குமதியாகும் மலிவு அலோய் ஒரு வகை. அவற்றில் பல, பெயர் பெற்ற ஜப்பானிய, ஜேர்மன் வடிவங்களைப் பார்த்துச் செய்த நகல்கள். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சில்லுகள் இன்னொரு வகை. இதற்குள்ளேயே இரண்டு பிரிவு உண்டு. என்கெய், ரேஸ், வெட்ஸ் போன்ற சில்லுக் கம்பனிகள் செய்தவை ஒன்று. டொயோட்டாவோ ஹொண்டாவோ தன் காரோடு சேர்த்துக் கொடுத்த ஃபக்டரி அலோய் மற்றது. இவை எல்லாவற்றுக்கும் கீழே, யாரும் திரும்பிப் பார்க்காத இரும்பு ரிம் இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த காசில் தரமான சில்லு வேண்டுமென்றால், பாவித்த ஃபக்டரி அலோயைத்தான் முதலில் தேட வேண்டும். உங்கள் காரின் உயர்ந்த மொடலுக்கோ, அதே கம்பனியின் இன்னொரு காருக்கோ வந்த சில்லாக இருந்தால் இன்னும் நல்லது. கார்க் கம்பனி தன் பெயரில் விற்கும் சில்லுக்கு விபத்து, வழக்கு, திரும்ப அழைத்தல் எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு. அதனால் சோதனையில் விளையாடாது. அப்படியொரு சில்லின் முகம் சாதாரணமாக இருக்கும், ஆகவே இளைஞர்கள் அதைத் தேடுவதில்லை. தேடுகிறவர் குறைந்தால் விலையும் ஏறாது. குறைந்த காசுள்ளவருக்கு அது வாய்ப்பு.

இரும்பு ரிம்மையும் கேவலமாக நினைக்க வேண்டாம். குழியில் விழுந்தால் அது வளையும், அலோய் வெடிக்கும். வளைந்த இரும்பை நிமிர்த்தலாம், வெடித்த அலோயை நம்பி ஓட முடியாது. அலோய் என்றால் பாரம் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல அலோய்க்கு அது உண்மை. 15 அங்குல இரும்பு ரிம் ஏழு எட்டு கிலோ வரும். மலிவாக வார்த்த அலோய் பலவும் தராசில் வைத்தால் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். அப்படியென்றால் பாரம் குறைந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. கல் வீதியில் தினமும் வேலைக்குப் போகிற ஒருவர் நல்ல இரும்பு ரிம் நான்கு எடுத்து, மிச்சக் காசில் நல்ல டயர் போட்டால் அதைவிடப் புத்தியான முடிவு இருக்க முடியாது.

பாரம் ஏன் இப்படி வேறுபடுகிறது என்பது செய்கிற முறையில் இருக்கிறது. பெரும்பாலான அலோய் வார்ப்பு. ஏறக்குறைய 7 வீதம் சிலிக்கன் கலந்த அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். தன் பாரத்தால் இறங்கும்படி ஊற்றினால் உள்ளே நுண்ணிய காற்றுத் துளைகள் தங்க இடமுண்டு. அந்த இடத்தைப் பலப்படுத்த உலோகத்தைத் தடிப்பாக விட வேண்டியிருக்கும். குறைந்த அழுத்தத்தில் கீழிருந்து மேலே தள்ளி வார்த்தால் துளை குறைவு. வார்த்த பிறகு சுழற்றி, உருளையால் அழுத்தி விளிம்பை இழுப்பது அதற்கு அடுத்த படி. கட்டியான அலுமினியத்தைப் பெரும் அழுத்தத்தில் அமுக்கிச் செய்யும் ஃபோர்ஜ்ட் சில்லு எல்லாவற்றுக்கும் மேலே. ரேஸ் கம்பனி 1996இல் கொண்டுவந்த டி.ஈ.37 என்ற சில்லின் பெயரிலுள்ள 37, 15 அங்குல விட்டம், 6 அங்குல அகலத்தில் அதன் பாரம் 3.7 கிலோ என்பதிலிருந்து வந்தது. அதே ஆறு ஸ்போக் முகத்தோடு சந்தையில் எத்தனையோ நகல் வார்ப்புகள் விற்கின்றன. கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரிந்துவிடும். வாங்கும்போது ஒரு சின்னத் தராசு கொண்டுபோவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, சில்லைக் கவிழ்ப்போம்.

பின்பக்கத்தில், ஸ்போக்கின் முதுகிலோ நட்டுத் துளைகளைச் சுற்றியோ எண்கள் வார்க்கப்பட்டிருக்கும். 15×6 ஜே என்றால் விட்டம் 15 அங்குலம், அகலம் 6 அங்குலம். 4×100 என்றால் நான்கு நட்டு, அவற்றின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர். இதைத்தான் பி.சி.டி. என்கிறார்கள். எண் அழிந்திருந்தால் நான்கு துளைச் சில்லில் எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து துளையில் எதிர்த் துளை இருக்காது. அங்கே பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத்தை அளக்க வேண்டும். 58.8 மில்லிமீற்றர் வந்தால் 5×100, 67.2 வந்தால் 5×114.3. துளை பொருந்தாத சில்லுக்கு லேத் பட்டறையில் புதுத் துளை போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தச் சில்லை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். காரின் பாரம் முழுவதும் தொங்குகிற இடம் அது.

நம் ஊரில் ஓடும் கார்களில் பலதுக்கு 4×100 தான். விட்ஸ், அக்வா, பிந்திய அக்ஸியோ, ஜப்பான் வேகன் ஆர், ஹொண்டா ஃபிட் எல்லாம் அதே. இதைக் கேட்டுவிட்டு "அப்ப எல்லாம் எல்லாத்துக்கும் போகும்" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் பிழை நடக்கிறது, ஏனென்றால் நடுத் துளை வேறு. டொயோட்டாவின் இந்தக் கார்களில் ஹப், அதாவது சில்லின் நடுத் துளைக்குள் நுழையும் காரின் அச்சு முனை, 54.1 மில்லிமீற்றர். ஹொண்டா ஃபிட்டில் 56.1. ஆகவே அக்வாவின் ஃபக்டரி சில்லு ஃபிட்டில் ஏறாது. இரண்டு மில்லிமீற்றர் இடிக்கும். ஃபிட்டின் சில்லு அக்வாவில் ஏறும், ஆனால் ஹப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி நிற்கும். சந்தையில் வரும் பொதுச் சில்லுகளில் இந்த நடுத் துளை 73.1 வரை பெரிதாக இருக்கும், எல்லாக் காருக்கும் விற்க வேண்டுமே. இடைவெளியோடு பூட்டினால் ஊருக்குள் ஒன்றும் தெரியாது. ஏ6இல் 80, 90 தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும். பேலன்ஸ் பிழை என்று நினைத்து மறுபடி மறுபடி பேலன்ஸ் செய்வார்கள், நடுக்கம் போகாது. தேவைப்படுவது அந்த இடைவெளியை நிரப்பும் வளையமான ஒரு ஹப் ரிங், 73.1க்கு 54.1. சின்னச் சாமான். சில்லை வாங்கும் இடத்திலேயே அதையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஒஃப்செட். கடைகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, ஆனால் காருக்கு அதிகம் சேதம் செய்வது இதுதான். சில்லின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போட்டால், ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதே அந்த எண். பின்பக்கத்தில் +45, +38 என்று எழுதியிருக்கும். எண் குறையக் குறையச் சில்லு வெளியே தள்ளும். ஒரு கணக்குப் போடுவோம். 5.5 ஜே, +45 இருந்த இடத்தில் 6.5 ஜே, +35 போடுகிறீர்கள். அகலம் கூடியதில் பாதி, அதாவது 12.7 மில்லிமீற்றர் வெளிப்பக்கம் வரும். ஒஃப்செட் குறைந்ததால் இன்னும் 10. ஆகச் சில்லு கிட்டத்தட்ட 23 மில்லிமீற்றர் வெளியே வந்து நிற்கும். உள்பக்கம் கூடுவது மூன்று மில்லிமீற்றரும் இல்லை. பார்வைக்குக் கார் அகன்று நிற்கும், பலருக்கு அதுதான் ஆசை. ஆனால் பின் ஆசனத்தில் மூன்று பேர் ஏறி, டிக்கியில் சாமானும் வைத்தால் மட்கார்டில் டயர் உரசும். வீல் பெயாரிங்குக்குப் பாரம் வேறு கோணத்தில் விழும். குழியில் விழுந்த ஒவ்வொரு அடியும் ஸ்டீயரிங்கை உதறும். மழைக்கால வீதியில் சேறும் கல்லும் காரின் பக்கமெல்லாம் அடிக்கும். பழைய எண்ணிலிருந்து ஐந்துக்கு மேல் தள்ளாமல் எடுப்பது பாதுகாப்பு. எண் பொருந்தவில்லை என்று சில்லுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற தகடு வைத்துச் சமாளிப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நட்டு விஷயத்தைச் சின்னதாக எண்ணிவிடுகிறோம். டொயோட்டாவுக்கும் ஹொண்டாவுக்கும் 12×1.5 புரி (12 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீற்றர்), சுசுகிக்கும் நிசானுக்கும் 12×1.25. மாற்றிப் போட்டால் கையால் ஓரிரு சுற்று போகும், பிறகு காற்றுத் துப்பாக்கி வைத்து அடித்தால் நட்டு ஏறும் தண்டான ஸ்டட்டின் புரி போய்விடும். நட்டு அமரும் இடத்தின் வடிவமும் பார்க்க வேண்டும். ஹொண்டாவின் ஃபக்டரி சில்லில் நட்டு அமரும் குழி உருண்டை. வெளியே விற்கும் சில்லுகளில் அது 60 பாகைக் கூம்பு. டொயோட்டாவின் சில ஃபக்டரி அலோய்களுக்குத் தட்டையான வொஷரோடு வரும் நட்டு. உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் ஓரிடத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும், இறுக்கமாக இருப்பதாகத்தான் கைக்குத் தோன்றும், ஓடும்போது தளரும். நட்டைக் கையால் சுற்றும்போது எண்ணிக்கொள்ளுங்கள். 12×1.5 என்றால் எட்டுச் சுற்றாவது போக வேண்டும், 1.25 என்றால் பத்து. அதற்குக் குறைந்தால் சில்லின் அடி அந்த ஸ்டட்டுக்குத் தடிப்பு அதிகம். வேறு சில்லு பார்க்க வேண்டியதுதான்.

எண்களுக்குப் பக்கத்தில் ஜே.டபிள்யூ.எல். என்று வார்த்திருக்கும். ஜப்பானில் அலோய் சில்லுக்கு வைத்த தரம் அது. சில்லை வளைத்துச் சுழற்றிக் களைப்படையச் செய்வது, பாரம் ஏற்றி உருட்டுவது, சாய்வாக வைத்து மேலிருந்து பாரத்தைப் போட்டு அடிப்பது என்று மூன்று சோதனை. இந்த அடையாளம் இல்லாத அலோயைப் பூட்டினால் அங்கே வாகனப் பரிசோதனையில் தேற முடியாது. ஆனால் ஜே.டபிள்யூ.எல். என்பது செய்பவர் தானே போட்டுக்கொள்ளும் அடையாளம். அதன் பக்கத்தில் வி.ஐ.ஏ. என்ற முத்திரையும் இருந்தால், வெளியில் ஒரு சோதனை அமைப்பும் பார்த்துப் பதிவு செய்திருக்கிறது என்று பொருள். அச்சில் எழுத்து வார்ப்பது கஷ்டமான வேலை இல்லை. நகலிலும் இவற்றைப் போடலாம். அதனால் முத்திரையை மட்டும் பார்க்காமல், செய்தவர் பெயர், அளவு, ஒஃப்செட், பாரம் தாங்கும் அளவு, வார்த்த ஆண்டு மாதத்தைக் காட்டும் சின்ன வட்டம் எல்லாம் சேர்ந்து, கூர்மையான எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாமல் முத்திரை மட்டும் மங்கலாகத் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

ஹயஸ் வான் வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 6×139.7 என்று துளை பொருந்தியதும் ஜீப்புக்கோ பிக்கப்புக்கோ வந்த சில்லைப் பூட்டிவிடுகிறார்கள். வானின் டயரில் 107/105 என்று பாரச் சுட்டி இருக்கும். 107 என்றால் ஒரு டயருக்கு 975 கிலோ. சில்லும் அதைத் தாங்க வேண்டும். ஜப்பானில் லொறி, பஸ் போன்ற பார வாகனச் சில்லுக்கென்று ஜே.டபிள்யூ.எல்.டி. (JWL-T) என்ற தனி அடையாளமே உண்டு. கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து மீன் பெட்டி ஏற்றி ஓடும் வானுக்கு அந்த அடையாளம் உள்ள சில்லு, இல்லையென்றால் வானோடு வந்த இரும்பு ரிம்.

பாவித்த சில்லைச் சோதிப்பதை ஊரில் ஒரு டயர்க் கடையில் பார்த்தது மனதில் நிற்கிறது. பையன் ஒருவன் நான்கு 15 அங்குலச் சில்லைக் கொண்டுவந்து இறக்கினான். கண்ணாடி மாதிரிக் கறுப்புப் பெயின்ட், ஒரு கீறல் இல்லை. கடைக்காரர் முகப் பக்கம் பார்க்கவே இல்லை. கவிழ்த்து வைத்து, ஈரத் துணியால் உள்விளிம்பை முழுச் சுற்றும் துடைத்தார். பிறகு பெருவிரல் நகத்தை விளிம்போடு மெல்ல ஓட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது சில்லில் நகம் ஓரிடத்தில் நின்றது. அங்கே பெயின்ட்டுக்குக் கீழே உலோகம் கொஞ்சம் மேடு தட்டியிருந்தது. நீளம் ஒரு விரல் அளவு. "தம்பி, இது வெல்டிங் போட்டது. பெயின்ட் அடிச்சதே இதை மறைக்கத்தான்" என்றார். "கொஞ்சம்தானே அண்ணன், காற்று இறங்கேல்ல" என்றான் பையன். அவர் மறுபேச்சில்லாமல் அந்தச் சில்லை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

அவர் செய்தது சரி. அலோய் சில்லை வார்த்த பிறகு சூடாக்கி, தணித்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்துத்தான் அதன் பலம் வருகிறது. வெல்டிங் போடும்போது அந்த இடமும் அதைச் சுற்றிய உலோகமும் அந்தப் பலத்தை இழக்கின்றன. ஒட்டு நிற்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் வெடிக்கும். வளைந்ததை நிமிர்த்தக் காஸ் சுடரால் காய்ச்சுவதும் அதே சேதம்தான். ஸ்போக்கிலோ நட்டுத் துளைப் பக்கத்திலோ ஒட்டு இருந்தால் பேச்சே வேண்டாம். வெளிவிளிம்பில் நடைபாதைக் கல் உரசிய கீறல் வேறு விஷயம், அது அழகுக் குறை மட்டும்; அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். உண்மையில், புதுப் பெயின்ட் அடித்த சில்லைவிடக் கீறலோடு, பழைய பெயின்ட்டோடு வருகிற சில்லு எனக்கு நம்பிக்கை தரும். மறைக்க ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம்.

டயர் இல்லாத சில்லை ஒரு விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலத்தான். நல்லது நீளமாக ஒலிக்கும், வெடித்தது சட்டென்று அடங்கும். பிறகு பேலன்ஸ் மெஷினில் சில்லை மட்டும் ஏற்றிச் சுழற்றச் சொல்லுங்கள். ஒரு ஸ்குரூ டிரைவரின் நுனியை விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தால், விளிம்பு கிட்ட வந்து விலகுவது கண்ணுக்குத் தெரியும். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஆடினால் எடுக்க வேண்டாம். உள்விளிம்பையும் இப்படிப் பார்க்க வேண்டும், குழியில் அடிபடுவது அதுதான். இந்தச் சுழற்றலுக்குக் கடையில் கேட்கும் காசைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக எடுப்பிக்கிறவர்கள் இந்தச் சோதனை எதையும் செய்ய முடியாது. அப்படியானால் முகப் படத்தை ஒதுக்கிவிட்டு நான்கு சில்லின் பின்பக்கப் படமும், எண்கள் தெரியும் கிட்டப் படமும், உள்விளிம்பைச் சுற்றிக் காட்டும் ஒரு காணொளியும் கேளுங்கள். நேர்மையான வியாபாரி அனுப்புவார். "எல்லாம் நல்லா இருக்கு, வந்து பாருங்க" என்று மட்டும் சொல்பவரிடம் முழுக் காசையும் முன்பே போடாதீர்கள். பூட்டிப் பார்த்து ஆட்டம் இருந்தால் திருப்பி எடுக்க வேண்டும் என்பதைப் பணம் போகும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவைப் பெரிதாக்குவது பற்றி. அக்வாவின் 175/65 ஆர் 15 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு விட்டம் 608 மில்லிமீற்றர், பக்கச்சுவர் 114. அதை 195/50 ஆர் 16 ஆக்கினால் விட்டம் 601, பக்கச்சுவர் 98. 205/45 ஆர் 17 என்றால் விட்டம் 616, பக்கச்சுவர் 92. விட்டம் ஒன்றிரண்டு வீதத்துக்குள் நிற்பதால் வேகமானி பெரிதாகப் பிழைக்காது. குறைவது ரிம்முக்கும் குழிக்கும் இடையில் இருக்கிற ரப்பர். 17இல் இரண்டு சென்டிமீற்றருக்கு மேல் போய்விட்டது. கண்டபடி குழி உள்ள வீதியில் சில்லைக் காப்பது அந்த ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். பெரிய சில்லுக்குப் பாரம் கூடும், அகல டயர் பெற்றோலைக் கூடக் குடிக்கும், அடுத்த முறை டயர் மாற்றும்போது விலையும் கூடும். சிக்கனத்துக்காக ஹைப்ரிட் வாங்கியவர் 17 அங்குலம் போட்டு அந்தச் சிக்கனத்தைக் கையைவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கும். காரோடு வந்த அளவே நல்லது. ஆசை விடவில்லையென்றால் ஒரு அங்குலம். அதற்கு மேல் நம் வீதிக்கு வேண்டாம்.

பாவித்த சில்லு பல நேரம் டயரோடு வரும். "டயரும் இருக்கு" என்று அதையும் விலையில் சேர்த்துச் சொல்வார்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை செய்தது. பூ ஆழமாக இருந்தாலும் ஏழெட்டு வருடப் பழைய டயரை ஏ6இல் நம்ப முடியாது. நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகும். அப்படிப்பட்ட டயருக்கு ஒரு சதமும் கொடுக்காமல் சில்லுக்கு மட்டும் விலை பேசுங்கள். காசு இரண்டுக்கும் போதாதென்றால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்: முதலில் டயர். பழைய ரிம் நேராக இருந்தால் அதிலேயே புது டயரைப் போட்டு ஓடுங்கள், அலோய் அடுத்த வருடம் வரட்டும். பிரேக் பிடிக்கும்போது வீதியைத் தொடுவது டயர்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குரோம் பூசிய சில்லை வாங்காதீர்கள். உப்பு உள்ளே இறங்கினால் பூச்சு செதில் செதிலாக எழும்பும், டயர் அமரும் இடத்தில் அது நடந்தால் காற்று மெல்ல மெல்ல இறங்கும். முகத்தை மெஷினில் வெட்டிப் பளபளக்க விட்டு மேலே கண்ணாடிப் பூச்சு அடித்த சில்லிலும் இதே தொல்லை. ஒரு கல் பட்டுப் பூச்சு உடைந்தால், அந்த இடத்திலிருந்து வெள்ளை நூல் ஓடுவது போல அரிப்பு பரவும். முழுவதும் பெயின்ட் அடித்த வெள்ளி அல்லது சாம்பல் நிறச் சில்லு இங்கே அதிக காலம் நிற்கும். நிலாவெளி மணலில் ஓடிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரால் சில்லின் உள்பக்கத்தையும் கழுவுங்கள். வெளிப்பக்கத்தை மட்டும் கழுவுவதில் பாதிப் பயன்தான். டயர் கழற்றும் நாளில் டயர் அமரும் விளிம்பில் படிந்த வெள்ளைத் தூளைக் கம்பித் தூரிகையால் எடுக்கச் சொல்லுங்கள், காற்று இறங்குகிற பல சில்லுகளுக்கு அந்தத் தூள்தான் காரணம். இரும்பு ஹப்பும் அலுமினியச் சில்லும் உப்பு ஈரத்தில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பூட்டும்போது ஹப்பின் வட்டத்தில் மிக மெல்லியதாகக் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கழற்றச் சுத்தியல் தேவைப்படாது. ஸ்டட்டின் புரியில் மட்டும் கிரீஸ் படக்கூடாது. பட்டால் நட்டு அளவுக்கு மீறி இறுகிவிடும்.

பூட்டும்போது காற்றுத் துப்பாக்கியால் அடித்து முடிக்க விடாதீர்கள். கையால் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறுக்கே இறுக்கி, கடைசி இறுக்கத்தை, இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்சால் வைக்க வேண்டும். டொயோட்டாவின் இந்தக் கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108. மற்றக் கார்களுக்கு வாகனப் புத்தகத்தில் இருக்கும். புதிதாகப் பூட்டிய அலோயில் நட்டு அமர்ந்த இடம் கொஞ்சம் படியும், அதனால் 50இலிருந்து 100 கிலோமீற்றருக்குள் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். கந்தளாய் வரை போய்த் திரும்பினால் அந்தத் தூரம் ஆகிவிடும். வீட்டுக்கு வந்து சில்லு ஆறிய பிறகு அதே ரெஞ்சால் நான்கு சில்லின் நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.